முன்பாரமும் பின்பாரமும்

காஞ்சிபுரத்தில் பிறந்து, அவ்வூரிலேயே ஆசிரியத் தொழில் புரிந்து, ஓய்வு பெற்ற பின்பும் அதை விட்டு அகலாத ஒருவன் படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும். எங்கள் ஊரில் கடல் இல்லை. பாலாறு உண்டு, ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே மணலைத்தான் காணலாம். வேகவதி என்று ஓர் ஆறும் உண்டு. பெயரில் இருக்கும் வேகம் நீரில் இல்லை. கோயில் குளத்தில் தெப்பம் விடும் நாள்களில் மட்டுமே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மிதக்கும் பொருள் ஒன்றைக் கண்ணால் காண்கிறார்கள். எனினும் நான் பேசப் போவது படகைப் பற்றித்தான். இன்னும் திருத்தமாகச் சொன்னால், நீரில் செல்லும் படகைப் பற்றியன்று. சாலையில் செல்லும் படகைப் பற்றி.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடையாறு கரை கடந்தது. முடிச்சூர் அக்காலத்தில் எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019-இல் செங்கற்பட்டு மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனோடு சென்றுவிட்டது. அங்கும் அதனை அடுத்த ஊர்களிலும் மக்கள் மாடியில் ஏறி நின்று கையசைத்தார்கள். படகு இருந்த இடத்தில் வெள்ளம் இல்லை. வெள்ளம் இருந்த இடத்தில் படகு இல்லை. கடற்கரை மீனவர்கள் தங்கள் கண்ணாடியிழைப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து பலரைக் காத்தார்கள். மூன்றாண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், கேரள நாட்டு மீனவர்களும் இவ்வாறே லாரிகளில் படகேற்றி உள்நாட்டுக்கு விரைந்ததை உலகமே அறியும். எங்கள் ஊருக்கு அண்மையில், அரக்கோணத்தில், தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பிரிவு இருக்கிறது. அவர்கள் காற்றடைத்து மிதக்கவிடும் படகுகளை மடித்து எடுத்துச் செல்கிறார்கள். அது பயிற்சி பெற்றோரின் முறை.

வெள்ளம் வடிந்த பின் என் பழைய மாணவர் சிலர் ஒன்று கூடினார்கள். தறி நெய்வோர் மூவர், கடை வைத்திருப்போர் இருவர், மோட்டார்த் தொழில் தெரிந்தவர் ஒருவர். தாமும் ஒரு படகு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பணம் திரட்டிக் கடற்கரையூர் ஒன்றில் பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கினார்கள். அதன் பின்முனையில் மாட்டும் 50 கிலோ எடையுள்ள மோட்டாரும் வாங்கினார்கள். லாரியில் ஏற்ற வேண்டுமானால் பத்துப் பேர் தூக்க வேண்டும். இறக்கவும் பத்துப் பேர் வேண்டும். இழுவை வண்டியில், அதாவது டிரெயிலரில், வைத்தால் நான்கு பேர் போதும். வண்டியைப் பின்னோக்கி நீருக்குள் விட்டால் படகு தானே மிதந்து கிளம்பிவிடும். ஆகவே இரண்டு சக்கர இழுவை வண்டி ஒன்றைப் பட்டறையில் செய்விக்கத் தீர்மானித்தார்கள். அச்சை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, எட்டாம் வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்தியவரிடமே கேட்போம் என்று என்னிடம் வந்தார்கள்.

நான் அப்போது தலைமையாசிரியனாக இருந்தேன். கரும்பலகையில் படம் வரைந்து பதில் சொல்வது எனக்குக் கைவந்த கலை. படகின் எடை எந்தப் புள்ளியில் சமமாக நிற்கிறதோ அந்தப் புள்ளிக்கு நேர் கீழே அச்சு வரட்டும்; முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் துலாக்கோல் போல் நிற்கும்; இழுக்கிற வண்டிக்குச் சிறிதும் பாரம் தெரியாது என்று சொன்னேன். என் சொல்லில் ஐயம் கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்தப் பழக்கத்தை அவர்களுக்கு நான் ஏற்படுத்தவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

2016 ஜூலையில் ஒரு காலைப் பொழுதில், வண்டியில் படகை ஏற்றி, ஒரு ஜீப்பின் பின்னே பூட்டி, தென்னேரியில் மிதக்கவிட்டுப் பார்ப்பதற்காக வாலாஜாபாத் வழியே புறப்பட்டோம். ஊரெல்லை தாண்டும் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைக் கடந்ததும், பின்னால் வந்த வண்டி நாய் வாலை ஆட்டுவது போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கிற்று. முதலில் சிறிய ஆட்டம். பிறகு ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரியதாயிற்று. ஜீப்பின் பின்புறமே பக்கவாட்டில் தள்ளப்பட்டது. ஓட்டுநர் அஞ்சிப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். அந்தக் கணத்தில் இணைப்புக் கொக்கி கழன்றது. படகும் வண்டியும் எங்களைக் கடந்து, சாலையின் எதிர்ப்புறம் பாய்ந்து, ஒரு வயலுக்குள் கவிழ்ந்தன. அவ்விடத்திலிருந்து 20 அடி தள்ளி, பேருந்துக்காகச் சீருடையணிந்த பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. ஆயினும் நான் ஜீப்பை விட்டு இறங்கியபோது என் கால்கள் நிற்கவில்லை. 30 ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன், தன் கணக்கினால் பிள்ளைகளைக் கொன்றிருப்பான்.

வயலுக்குச் சொந்தக்காரர் எண்பது வயதுப் பெரியவர். பயிர் பாழானதற்கு வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கவிழ்ந்து கிடந்த வண்டியைச் சுற்றி வந்து, மோட்டாரையும் எண்ணெய்த் தொட்டியையும் தொட்டுப் பார்த்தார். "வாத்தியாரய்யா, பின்பாரம் ஏற்றியிருக்கிறீர்கள். மாடாக இருந்தால் புறப்படும்போதே கழுத்தைத் தூக்கிச் சொல்லியிருக்கும். மோட்டாருக்குக் கழுத்து ஏது?" என்றார். இளமையில் நெல் மூட்டை ஏற்றி வண்டியோட்டியவராம் அவர்.

கட்டை வண்டியைக் கண்ட நேயர்களுக்கு இது உடனே விளங்கும். காணாத இளைஞர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். இரண்டு சக்கர மாட்டு வண்டியில் அச்சுக்கு முன்னே அதிகப் பாரம் விழுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், இது முன்பாரம். பின்னே அதிகமாக விழுந்தால் வண்டியின் வால் தாழ்ந்து, ஏர்க்காலும் நுகத்தடியும் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், இது பின்பாரம். பாரமே இல்லாமல் சமமாக நிறுத்தினால் நுகம் கழுத்தில் தங்காமல் மேலும் கீழும் துள்ளும். நல்ல வண்டிக்காரன் மூட்டைகளை அடுக்கிய பின் ஏர்க்கால் முனையைக் கையால் தூக்கிப் பார்ப்பான். கைக்குச் சிறிது கனம் தெரிய வேண்டும். அதிகம் தெரியக் கூடாது. அந்தக் கனம் போதவில்லையானால் தான் முன்னே ஏறி உட்கார்ந்து சரி செய்வான். அதிகமானால் சற்றே பின்னே நகர்ந்து அமர்வான். நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய துலாக்கோல் அசையாமல் நிற்கும் பொருளுக்கு ஏற்றது. ஓடுகின்ற வண்டிக்கு வேறு நியதி இருக்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த நியதி யாது? அம்பை நினைத்துப் பாருங்கள். அதன் கனமெல்லாம் முனையில், இறகு வாலில். காற்று வாலைப் பக்கவாட்டில் தள்ளினால் இறகு அதைத் திருப்பி நேராக்குகிறது. கனத்தை வாலில் கட்டி எய்தால் அம்பு புரண்டுபோகும். இழுவை வண்டியில் இறகின் வேலையைச் செய்வன சக்கரங்கள். பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு முன்னே இருக்குமானால், ஒரு மேடு பள்ளத்தாலோ எதிரே விரைந்து வரும் லாரியின் காற்றாலோ வண்டி சற்றே விலகினாலும், பின்னே இருக்கும் சக்கரங்கள் அதை நேர்வழிக்கு இழுத்து வந்துவிடும். பாரம் அச்சுக்குப் பின்னே இருக்குமானால், விலகிய வால் தன் கனத்தாலேயே மேலும் விலகும். திரும்பி வரும்போது நடுவைக் கடந்து மறுபுறம் போகும். போகப் போக ஆட்டம் வளரும். மெதுவாகச் செல்லும்போது இந்தக் குற்றம் மறைந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் திடீரென்று வெளிப்படும். எங்களுக்கு ஊரெல்லை வரை ஒன்றும் தெரியாமல் இருந்ததன் காரணம் இதுவே.

இதனைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் பின்னர் ஒரு சிறு கருவி செய்தேன். விளையாட்டு மோட்டார் ஒன்றின் பின்னே, கம்பியால் இரண்டு சக்கரச் சிறு வண்டி ஒன்றைப் பூட்டினேன். சாய்வான நீண்ட பலகையின் மேல் அதை ஓடவிட்டேன். களிமண் உருண்டையை வண்டியின் முன்னே அப்பினால் நேராக ஓடும். அதே உருண்டையைப் பின்னே அப்பினால், விரலால் சற்றே தட்டியதும், பாம்பு போல் நெளிந்து பலகையை விட்டு விழுந்துவிடும். எட்டணாச் செலவில்லாத இச்சோதனையை முதலிலேயே செய்திருந்தால் பெரியவரின் பயிர் பிழைத்திருக்கும்.

இனி எங்கள் வண்டியின் கணக்குக்கு வருவோம். இணைப்பு முனையிலிருந்து அச்சு வரை 3 மீட்டர். படகும் வண்டிச் சட்டமும் சேர்ந்து 520 கிலோ. இதைத்தான் நான் அச்சின்மேல் சமமாக நிறுத்தியிருந்தேன். ஆனால் 50 கிலோ மோட்டார் அச்சுக்குப் பின்னே 2 மீட்டர் தொலைவில் தொங்கிற்று. 30 கிலோ எண்ணெய்த் தொட்டி ஒன்றரை மீட்டர் பின்னே இருந்தது. இவை இரண்டும் பின்னாலே சேரும் என்பதை நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. 50-ஐ 2-ஆல் பெருக்க 100, 30-ஐ ஒன்றரையால் பெருக்க 45, ஆக 145. இதை 3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 48. அதாவது இணைப்பு முனை ஜீப்பின் பின்புறத்தை 48 கிலோ விசையோடு மேலே தூக்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஜீப்புக்குக் கழுத்து இருந்திருந்தால் மூச்சுத் திணறியிருக்கும்.

இருக்க வேண்டிய அளவு என்ன? ஏற்றிய பாரமும் வண்டியும் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இணைப்பு முனையில் கீழ்நோக்கி அழுத்துவது நலம். ஐந்துக்குக் குறைந்தால் ஆட்டம் வரும். பதினைந்துக்கு மேற்பட்டால் இழுக்கும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடி தளர்ந்து, திருப்பும் சக்கரம் சொன்ன சொல் கேளாது. இழுக்கும் வண்டி எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு இழுக்கும் என்பதை அதைச் செய்தோர் கையேட்டில் குறித்திருப்பார்கள். அந்த வரம்பையும் மீறக் கூடாது. 600 கிலோ எடையுள்ள எங்கள் வண்டிக்கு 60 கிலோ அளவில் முன்பாரம் வேண்டும்.

வண்டி மறுபடி பட்டறைக்குச் சென்றது. முதலில் எண்ணெய்த் தொட்டியை எடுத்துப் படகின் முன்பகுதியில், பழைய அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னே வைத்துக் கட்டினோம். பிறகு அச்சைப் பிணைத்திருந்த வளைவு ஆணிகளைத் தளர்த்தி, அச்சையும் அதைத் தாங்கும் பட்டைவில்களையும் 40 சென்டிமீட்டர் பின்னே நகர்த்தி முடுக்கினோம். இருபுறமும் அளவு ஒன்றாக இருக்க வேண்டுமாதலால், இணைப்பு முனையிலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவுக்கும் கயிறு பிடித்து அளந்தோம். ஒரு பக்கம் ஒரு விரற்கடை மாறினாலும் வண்டி கோணலாகவே ஓடி டயரைத் தின்றுவிடும். என் கணக்குப்படி முன்பாரம் 55 கிலோ வர வேண்டும்.

இம்முறை கணக்கை நம்பாமல் நிறுத்துப் பார்க்கலாம் என்று பெரியவரைப் பின்பற்றி முடிவு செய்தோம். சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, அரிசி மண்டியிலிருந்து கொணர்ந்த மேடைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, ஜீப்பில் பூட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இணைப்பு முனையை அதன்மேல் தாங்கவைத்தோம். தராசு 47 என்று காட்டியது. எட்டுக் கிலோ எங்கே போயிற்று? இரவெல்லாம் யோசித்தேன். அச்சும் சக்கரங்களும் கூட எடையுள்ள பொருள்கள்தாமே. அவற்றைப் பின்னே நகர்த்தியபோது அவற்றின் கனமும் பின்னே போயிற்று. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் 10 கிலோ நங்கூரத்தையும் கயிற்றையும் படகின் மூக்குப் பக்கம் வைத்தவுடன் முள் 54-இல் நின்றது. நூற்றுக்கு ஒன்பது வீதம்; இது போதும் என்று விட்டோம்.

பாரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஏனெனில் மற்றக் குற்றங்கள் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. மற்றவற்றையும் விட்டுவிடுவதற்கில்லை.

கொக்கி ஏன் கழன்றது? ஜீப்பின் பின்னே உருண்டையான எஃகுக் குமிழ் ஒன்று இருக்கும். வண்டியின் முனையில் உள்ள கிண்ணம் அதன்மேல் கவிந்து பூட்டிக்கொள்ளும். குமிழின் விட்டமும் கிண்ணத்தின் விட்டமும் ஒன்றாயிருக்க வேண்டும். எங்கள் குமிழ் சற்றுச் சிறியது. பூட்டிய பின் மேலே தூக்கி அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முன்பாரம் சரியாக இருந்தவரை அது தானே உட்கார்ந்திருக்கும். பின்பாரம் அதைத் தூக்கிவிட்டது. அன்றி, எங்களிடம் காப்புச் சங்கிலியும் இல்லை. இணைப்பு கழன்றாலும் வண்டி ஓடிப்போகாமல் பிடிக்க இரண்டு சங்கிலிகள் வேண்டும். அவற்றை வண்டி முனையின் அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்குமாறு மாட்ட வேண்டும். அப்போது முனை கழன்று விழுந்தாலும் தரையில் குத்தாமல் தொட்டிலில் விழுவது போல் சங்கிலியில் விழும். வளைவில் இறுகாத அளவு நீளம் வேண்டும். தரையில் உராயும் நீளம் கூடாது. இச்சங்கிலி இரண்டும் இருந்திருந்தால் படகு அந்தப் பிள்ளைகள் நின்ற பக்கம் போயிருக்க வழியே இல்லை.

படகை வண்டியோடு கட்டுவதில் என் மாணவருள் நெசவாளர்கள் எனக்கு ஆசிரியர் ஆனார்கள். தெருவில் பாவு நீட்டும்போது எல்லா இழைக்கும் இழுப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடம் தளர்ந்தால் சேலையில் அது தெரியும் என்பது அவர்கள் அறிந்ததே. படகின் மூக்கைச் சுற்றுக்கருவியின் பட்டையால் முன்னே இழுத்து, தாங்கியோடு பொருந்த நிறுத்த வேண்டும். அந்தப் பட்டை ஒன்றையே நம்பாமல் மூக்கு வளையத்திலிருந்து சட்டத்துக்குத் தனியே ஒரு சங்கிலியும் மாட்ட வேண்டும். பின்முனையின் இருபுறமும் இரண்டு பட்டைகளால் கீழ்நோக்கி ஒரே அளவாக இறுக்க வேண்டும். நீண்ட பட்டை காற்றில் படபடவென்று அடித்துத் தன்னைத் தானே தளர்த்திக்கொள்ளும். அதற்கு ஒரே ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் படபடப்பு நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தறிக்காரர்களுள் இளையவர். மோட்டார் தொங்கும் பின்பலகையின் கீழே தாங்குமரம் நேராக வந்து முட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பதும் அவசியம். அந்தரத்தில் நின்றால் படகின் அடிப்பாகம் நாளடைவில் வளைந்துவிடும்.

சக்கரத்தைப் பற்றி. அக்காலத்து வண்டிக்காரர்கள் அச்சுக்கு மை போடாமல் பயணம் புறப்பட மாட்டார்கள். கடையாணியைத் தட்டிப் பார்க்காமலும் புறப்பட மாட்டார்கள். மோட்டார் வண்டியிலும் மையும் கடையாணியும் கிரீஸும் திருகுநட்டுமாக உருமாறினவேயன்றி மறைந்துவிடவில்லை. படகு வண்டிக்கு ஒரு தனி நோய் உண்டு. நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் குடம் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு ஏரி நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி, வெளி நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். குண்டு பேரிங்குகள் துருப்பிடித்து, மறுமுறை பாதி வழியில் சக்கரம் இறுகிவிடும். ஆகவே கரையில் நிறுத்திச் சிறிது ஆறவிட்ட பின்பே நீரில் இறக்க வேண்டும். வழியில் எங்கே நின்றாலும் குடத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் தாழ்வில்லை. கை வைக்க முடியாவிட்டால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். டயருக்கு எவ்வளவு காற்று என்பது அதன் பக்கத்திலேயே பொறித்திருக்கும். ஓடுவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெள்ளம் வந்தால்தான் வெளியே வரும் வண்டியாதலால் அதன் டயர் தேய்ந்து கெடுவதில்லை. நின்றே வெடித்துக் கெடும். மாற்றுச் சக்கரம் ஒன்று கட்டாயம் வேண்டும். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பின்னே சிவப்பு விளக்கும், திரும்பும் குறியும், நிறுத்தும் குறியும் எரிய வேண்டும். நீரில் இறக்குமுன் மின்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவை வண்டியும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். நற்பணிக்குத்தானே என்று எங்கள் இளைஞர்கள் இதில் அசட்டையாக இருந்தார்கள். விபத்துக்குப் பின் முறைப்படி செய்தார்கள்.

நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது காஞ்சிபுரத்தான் தேரை மறக்க முடியுமா? வைகாசியில் வரதராசர் தேரும், பங்குனியில் ஏகாம்பரநாதர் தேரும் எங்கள் வீதிகளில் வரும்போது வடம் பிடிப்போரையே எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் தேர் யார் கையில் இருக்கிறது என்றால், சக்கரத்தோடு ஒட்டிக் குனிந்து ஓடிவரும் முட்டுக்கட்டைக்காரர் கையில் இருக்கிறது. வடம் இழுக்கும், நிறுத்தாது. ஆயிரம் பேர் வடத்தைக் கீழே போட்டாலும் சரிவில் தேர் தன்பாட்டுக்கு ஓடும். திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களுக்குத் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரமும் எண்ணெய் விசையால் இயங்கும் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். அங்கும் முட்டுக்கட்டை ஓய்வு பெறவில்லை.

படகு வண்டிக்கு வடம் இல்லை. விறைப்பான இரும்புத் தண்டு இருக்கிறது. அது இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். ஜீப்பு நின்றாலும் பின்னே 600 கிலோ நிற்க விரும்பாமல் முன்னே தள்ளும். வண்டிக்கென்று தனிப் பிரேக்கு இல்லாதபோது, வழக்கமாக விடும் இடைவெளியைப் போல் இரு மடங்காவது முன்னே செல்லும் வண்டிக்கு விட வேண்டும். ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கு மட்டும் போதாது. ஜீப்பின் சக்கரங்களுக்குத் தேர் முட்டுக்கட்டையின் சிறு பிள்ளைகள் போன்ற கட்டைகளை வைத்த பின்பே படகின் கட்டை அவிழ்க்க வேண்டும். எங்கள் கட்டைகளைச் செய்து கொடுத்தவர் தேர் வேலை தெரிந்த தச்சர். சக்கரத்தில் பொருந்தும் வளைவை அவர் அளவுகோல் இல்லாமலே செதுக்கினார்.

ஆட்டம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஓட்டுநர்கள் கேட்கிறார்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆட்டத்தை எதிர்த்துத் திருப்பவும் கூடாது. வேகத்தைக் கூட்டித் தப்பலாம் என்று எண்ணவும் கூடாது. திருப்பும் சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு காலை எண்ணெய் மிதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேகம் தணிந்ததும் ஆட்டம் தானே அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்காமல் ஒரு முழம் கூட நகரக் கூடாது. பின்னோக்கி விடுவது பயிற்சியால் வருவது. திருப்பும் சக்கரத்தின் அடிப்பகுதியில் கை வைத்துக்கொண்டால், கை போகும் பக்கமே வண்டியின் வாலும் போகும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக் காலி மைதானத்தில் நாலு நாள் பழகினால் வந்துவிடும். என்னால் இன்றுவரை இயலவில்லை.

2016 செப்டம்பரில் மறுபடியும் தென்னேரிக்குச் சென்றோம். இம்முறை முதலில் 20, பிறகு 30, பிறகு 40 என்று வேகத்தை ஏற்றி, ஒவ்வொன்றிலும் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனோம். வண்டி கோடு கிழித்தாற்போல் வந்தது. பெரியவரின் வயலுக்கு எதிரே நிறுத்தி அவரை அழைத்தேன். அவர் இணைப்பைக் கழற்றச் சொல்லி, முனையை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். கால் வாசிதான் எழும்பியது. "மாடு ஒத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குத் திரும்பினார். பயிருக்கு ஈடாக நாங்கள் கொடுத்ததை அவர் வாங்கிக்கொள்ளவில்லை, மகன் வாங்கிக்கொண்டார்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது அந்தப் படகு இரவில் ஒரு முறை புறப்பட்டது. ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் நீர் சூழ்ந்ததென்று செய்தி வந்திருந்தது. மழையில், இருட்டில், குழி விழுந்த சாலையில் வண்டி சென்று சேர்வதற்குள் நீர் வடியத் தொடங்கிவிட்டது. மக்கள் முன்பே மேட்டுக்குப் போயிருந்தார்கள். படகை இறக்காமலே திரும்பினார்கள். புறப்படுமுன் அந்த அவசரத்திலும் மேடைத் தராசை எடுத்து வைத்து முனையை நிறுத்துப் பார்த்ததாகவும், யாரோ உணவுப் பொட்டலங்களைப் படகின் பின்புறம் ஏற்றியிருந்ததால் முள் 31 காட்டியதாகவும், அவற்றை முன்னே மாற்றிய பின்பே கிளம்பியதாகவும் மறுநாள் எனக்குச் சொன்னார்கள். இப்போது அந்த வண்டியின் இணைப்பு முனையில் வெள்ளைச் சாயத்தால் 54 என்று எழுதியிருக்கிறது.